கொட்டாஞ்சேனை முதல் காலிமுகம் வரை

பிரயாணக் கட்டுரை எழுதுவோர் இமயமலைக்கும் இலண்டன் மாநகருக்கும் சென்று வந்து எழுதுவது வழக்கம். நமக்கு அத்தகைய பாக்கியம் இதுவரை வாய்க்கவில்லை. ஆதலின் கொட்டாஞ்சேனையிலிருந்து காலிமுகத்திடல் வரை கால்நடையாகப் போய்வந்த கதையையே இங்கு எழுதத் துணிந்தோம். தூரம் மூன்று மைலுக்கு மேற்படாது. ஆயினும் இந்நாட்டின் அரசியலை அறிய விரும்புவோர்க்கு இம்மூன்று மைல் போதும் என்பது நமது துணிபு.

நடையின் காரணத்தை முதலிற் சொல்லிவிடுதல் நலம். சில மாதங்களுக்கு முன் ஒரு கந்தோருக்கு நாம் ஒரு கடிதம் எழுதினோம். தங்கள் கந்தோரிலிருந்து வரும் அறிவித்தல்கள் யாவும் சிங்களத்தில் மட்டுமே இருக்கின்றன, தமிழும் அரசகரும மொழி என்று 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் கூறுகின்றதே, தயைகூர்ந்து தமிழிலும் அனுப்பலாகாதா என்பதே அதன் சாரம். அழகிய தமிழில், எழுத்துப் பிழையின்றி எழுதினோம். சென்ற வியாழக்கிழமை பதில் வந்தது. தடித்த கடிதவுறை, மேலே அரச இலச்சினை, உள்ளே ஒரு பக்கக் கடிதம். முழுவதும் சிங்களம்.

நாம் கொழும்பில் நாற்பது ஆண்டு வாழ்ந்தவர். மீன் வாங்கவும், வீதி கேட்கவும், கிரிக்கெட் ஆட்டத்தின் நிலைமையை விசாரிக்கவும் நமது சிங்களம் தாராளமாகப் போதும். கந்தோர்ச் சிங்களம் அதனின் வேறு. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மையார் மகளைப் பார்க்கக் குருநாகலுக்குப் போயிருந்தார். நமது பேரன் தன் கைத்தொலைபேசியை அக்கடிதத்தின்மேற் பிடித்து, அது சொன்ன மொழிபெயர்ப்பை வாசித்தான். ‘தங்கள் கௌரவமான இலை அன்புடன் விழுங்கப்பட்டது’ என்று வந்தது. அதற்குமேல் வாசிக்க வேண்டாம் என்று தடுத்துவிட்டோம்.

‘இஞ்சாருங்கோ, கடிதம் எழுதியதுதான் முதற் பிழை. இனி அதை வாசிக்க ஆள் தேடப் போகிறீர்களாக்கும்’ என்றார் மனைவியார். அவர் சொன்னவாறே வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, குடையுடன் புறப்பட்டோம்.

கொட்டாஞ்சேனை என்றால் புனித லூசியாள் பேராலயத்தின் பெருங் கோபுரமும், அதன் நிழலில் பள்ளிக்கூடங்களும், அவற்றைச் சூழக் கடைகளும், கடைகளுக்குப் பின்னே தோட்டங்களும் என்று கொள்க. ‘தோட்டம்’ என்றதும் மாமரமும் மல்லிகையும் நினைவுக்கு வருமாயின் தாங்கள் கொழும்பைச் சேர்ந்தவர் அல்லர். இங்கு தோட்டம் என்பது மரமில்லாத இடம். ஒரு முடுக்கின் இரு மருங்கிலும் ஒன்றோடொன்று முதுகு சாய்த்து நிற்கும் ஓரறை வீடுகள். நடுவே ஒரு பொதுக்குழாய். அக்குழாயடியில் சிங்களம், தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய நான்கும் ஒரே வசனத்தில் வழங்கும். வாளி யாருடையது முன்னே நிற்கின்றது என்பதே அங்கு தலையாய பிரச்சினை. அதைத் தீர்ப்பதற்கு எவரும் அரசியலமைப்பைத் திருத்தியதில்லை.

முடுக்கின் சுவர்கள் மட்டும் முழுக்க அரசியல். ஒரு தேர்தலின் சுவரொட்டி உரிவதற்கு முன் அடுத்த தேர்தலின் சுவரொட்டி ஒட்டப்படுகின்றது. உற்று நோக்கினால் ஒருவர் கண்ணும் மற்றொருவர் மீசையும் மூன்றாமவர் புன்னகையுமாக ஒரே முகம் தோன்றும். அதுவே நமது நிரந்தரப் பிரதிநிதி என்று கொள்வதில் தவறில்லை.

முச்சக்கரவண்டித் தரிப்பிடத்தில் நமக்குப் பழக்கமான சாரதி ஒருவரிடம் கடிதத்தை நீட்டினோம். அவர் சிங்களவர். இரண்டு வரி உரக்க வாசித்தார். பின்பு தலையைச் சொறிந்தார். ‘மாத்தயா, இது சிங்களந்தான். ஆனால் எங்களுக்காக எழுதிய சிங்களம் இல்லை’ என்று சொல்லித் திருப்பித் தந்துவிட்டார். நமது மனத்தில் இருந்த வருத்தத்திற் பாதி அப்போதே குறைந்தது. நம்மை மட்டும் ஒதுக்கிவிட்டார்கள் என்று எண்ணியிருந்தோம். துணைக்கு ஆள் உண்டு என்று கண்டோம்.

அங்கிருந்து வுல்பெண்டால் மேட்டில் ஏறினோம். ஒல்லாந்தர் 1749இல் அத்திவாரமிட்டு 1757இல் வழிபாட்டுக்குத் திறந்த கோயில் அங்கு இன்றும் கம்பீரமாக நிற்கின்றது. சுவர்கள் கோட்டைச் சுவர் போன்ற தடிப்பு. போர்த்துக்கீசர் அவ்விடத்தை ஒரு மாதாவின் பெயரால் அழைத்தனர் என்றும், அப்பெயர் ஒல்லாந்தர் செவியில் ஓநாய் என்று விழுந்தது என்றும், அங்கு திரிந்த நரிகளையே அவர்கள் ஓநாய்கள் எனக் கொண்டனர் என்றும் பலவாறு சொல்வர். எவ்வாறாயினும் ஓநாய் இல்லாத நாட்டில் ‘ஓநாய்ப் பள்ளத்தாக்கு’ என்று ஒரு பெயர் நிலைத்துவிட்டது. நரியை ஓநாய் என்று மயங்கிய ஒல்லாந்தரை நாம் நகைக்க வேண்டியதில்லை. அவர்கள் ஒருமுறைதான் ஏமாந்தார்கள். நாம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஏமாறுகின்றோம்.

மேட்டிலிருந்து இறங்கினால் புதுக்கடை. ஆங்கிலேயர் வழக்கில் இவ்விடத்தின் பெயர் 1656ஆம் ஆண்டு முற்றுகையில் மாண்ட ஹுல்வ்ட் என்னும் ஒல்லாந்தத் தளபதியின் பெயர். உயர்ந்த கூரையுடன் நீதிமன்றக் கட்டடம். அதைச் சூழக் கறுப்புக் கோட்டணிந்த வழக்கறிஞர்கள். அவர்கள் பின்னே கோப்புகளைச் சுமந்தோடும் குமாஸ்தாக்கள். அவர்கள் பின்னே வீட்டை அடகு வைத்துவிட்டு வந்த வழக்காளிகள். வீதியோரம் மனு எழுதிக் கொடுக்கும் ஒருவரிடம் கடிதத்தைக் காட்டினோம். ‘வாசிப்பதற்கு ஒரு கட்டணம், விளங்கப்படுத்துவதற்கு ஒரு கட்டணம்’ என்றார். வாசித்து, விளங்கப்படுத்தாமல் விட்டால் என்ன பயன் என்று கேட்டோம். ‘பெரும்பாலானோர் அவ்வளவுடன் திருப்தியடைகிறார்கள்’ என்றார். சட்டத்தின் இயல்பை இத்துணைச் சுருக்கமாக எவரும் நமக்குச் சொன்னதில்லை. அவ்வறிவுக்குக் கட்டணம் கேட்பதற்கு முன் நகர்ந்துவிட்டோம்.

செட்டியார் தெருவில் வழமைபோற் பொன் மின்னியது. பழைய கதிரேசன் கோயில், புதிய கதிரேசன் கோயில் இரண்டிலும் மணியோசை. ஆடி மாதத்தில் வேற்பெருமானின் தேர் இத்தெருவிலிருந்தே பம்பலப்பிட்டிக்குப் பவனி செல்லும். நகைக் கடை வாயிலில் ஒரு தாயும் மகளும் நின்று விலைப்பலகையைப் பார்த்துக் கொண்டிருந்தனர். மகள் முகத்தில் ஆசை. தாய் முகத்தில் கணக்கு. நாட்டின் பொருளாதார நிலையை அறிய மத்திய வங்கியின் அறிக்கையைப் புரட்ட வேண்டியதில்லை. இத்தெருவில் நிற்கும் தாய்மார் முகத்தைப் பார்த்தாற் போதும்.

வடக்கே சற்றுத் தூரத்தில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். செவ்வாய்க்கிழமைகளில் சைவர், பௌத்தர், கத்தோலிக்கர் என்ற பேதமின்றிச் சனம் நிறையும் அக்கோயிலில் 2019 ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, குண்டு வெடித்தது. அன்று நாட்டின் பல இடங்களில் இறந்தோர் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர். கோயிலைச் சில வாரங்களிலேயே திருத்தித் திறந்துவிட்டார்கள். சுவர் சீக்கிரம் எழும்பிவிடும். மற்றவை எழும்பக் காலம் செல்லும்.

கைமன் வாசல் மணிக்கூண்டையும், 1873இல் எழுந்த பழைய நகர மண்டபத்தையும் கடந்ததும் நாம் கொழும்பு மத்தி என்னும் தேர்தல் தொகுதியின் நெஞ்சகத்தில் நின்றோம். மாணாக்கர் இத்தொகுதியைப் பற்றி ஒரு செய்தி அறிந்திருத்தல் நன்று. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இது மூன்று அங்கத்தவர் தொகுதி. வாக்காளர் ஒவ்வொருவர்க்கும் மூன்று வாக்குகள். அவர்கள் தெரிந்தெடுத்த மூவர் யாவர்? 1929ஆம் ஆண்டு திராம்வண்டி வேலைநிறுத்தத்தை நடத்திய தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்க என்னும் சிங்களவர். ஆசிரியராய் விளங்கிய ரி. பி. ஜாயா என்னும் மலாய் முஸ்லிம். கம்யூனிஸ்ட் கட்சியின் பீற்றர் கெனமன் என்னும் பறங்கியர். ஒரே தெருக்களில் வாழ்ந்த மக்கள் மூன்று இனத்தவரை ஒரே நாளில் அனுப்பி வைத்தார்கள். இத்தகைய காரியத்தைப் பின்னாளில் எத்தனையோ நிபுணர் குழுக்கள் கூடிச் செய்ய முயன்றும் இயலவில்லை.

பெருந்தெருவில் நடப்பது ஒரு கலை. முன்னே கைவண்டி, பின்னே லொறி, இடையே கூவி விற்போர். இரண்டாம் குறுக்குத்தெருவில் 1909இல் கட்டி முடிக்கப்பட்ட சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல், சிவப்பும் வெள்ளையுமான வரிகளுடன் மிட்டாய் போல நிற்கின்றது. வெள்ளிக்கிழமை ஆனமையால் ஜும்ஆத் தொழுகைக்குச் சனம் திரண்டிருந்தது. அரை மணி நேரம் தெருவே அமைதியாயிற்று. தொழுகை முடிந்ததும், ‘பத்து ரூபா குறையுங்கோ’ என்னும் குரலுடன் உலகம் மீண்டும் சுழலத் தொடங்கியது.

நான்காம் குறுக்குத்தெருவின் தேத்தண்ணிக்கடையில் இஞ்சிப் பிளேன்டீ வாங்கிக்கொண்டு அமர்ந்தோம். அங்கு வெங்காய மூடையும் சீனி மூடையும் ஓயாது இறங்கி ஏறிக்கொண்டிருக்கும். அவற்றைச் சுமப்போரை ‘நாட்டாமி’ என்பர். சிங்களவரும் அவ்வாறே சொல்வர். தமிழ்நாட்டில் நாட்டாமை என்றால் ஊர்த்தலைவர், தீர்ப்புச் சொல்பவர். கடல் கடந்து கொழும்புக்கு வந்த அச்சொல் மூடை சுமப்பவர் மேல் ஏறிக்கொண்டது. இது சொல்லுக்கு நேர்ந்த இழிவு என்று சிலர் கருதலாம். நமக்கோ இதுவே சரியான பொருள் என்று தோன்றியது. நாட்டின் பாரத்தைச் சுமப்பதாகச் சொல்பவர் பலர், சுமப்பவர் இவர்கள்.

நம் எதிரே அமர்ந்து தேநீர் அருந்திய நாட்டாமி ஒருவர்க்கு நாற்பது வயதிருக்கும். பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவர். கடிதத்தைக் காட்டினோம். கையைத் துடைத்துக்கொண்டு மரியாதையுடன் வாங்கிப் பார்த்தார். ‘பேச வரும் ஐயா. வாசிக்க வராது’ என்றார்.

‘நமக்கும் அதே வியாதிதான் தம்பி’ என்றோம். அதன்பின் பேச்சு வளர்ந்தது.

‘என்னுடைய தாத்தா 1947இல் வாக்குப் போட்டவர் ஐயா. அதை அவர் சாகும் வரைக்கும் சொல்லுவார். அடுத்த தேர்தலுக்கு அவருக்கு வாக்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவுக்கு நடு வயதில்தான் பிரஜாவுரிமை கிடைத்தது. எனக்குப் பதினெட்டு வயதிலேயே வாக்கு.’

‘நல்ல முன்னேற்றந்தானே?’

‘முன்னேற்றந்தான். தாத்தாவுக்கு யாருக்குப் போடுவதென்று தெரிந்திருந்தது; வாக்கைப் பறித்துவிட்டார்கள். எனக்கு வாக்கு இருக்கிறது. யாருக்குப் போடுவதென்றுதான் தெரியவில்லை.’

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தையும், அதைத் தொடர்ந்து மலையகத் தமிழர் வாக்குரிமை இழந்ததையும், 1988ஆம் ஆண்டிலும் 2003ஆம் ஆண்டிலும் சட்டங்கள் வந்து நாடற்றவர் என்னும் நிலை நீங்கியதையும் நாம் நூல்களிற் படித்தவர். ஆனால் மூன்று தலைமுறையின் கதையை ஒரு கோப்பைத் தேநீர் ஆறுமுன் சொல்லி முடித்துவிட்டு, அவர் எழுந்து ஐம்பது கிலோ மூடையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார். நமது தேநீர் ஆறிவிட்டது.

கடைக்குள் அரிசி விலை பற்றிய விவாதம் எழுந்தது. அரிசியும் ஆட்சியும் இந்நாட்டில் இணைபிரியாதவை. 1953இல் கொத்து 25 சதத்துக்கு விற்ற பங்கீட்டரிசியை 70 சதமாக்கினார்கள். அவ்வாண்டு ஆகஸ்ட் 12ஆம் நாள் ஹர்த்தால். மந்திரிசபை நிலத்திற் கூட அஞ்சி, துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறிக் கூடியது. சில வாரங்களிற் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். 2022இல் எரிவாயு இல்லை, பெற்றோல் இல்லை, பால்மா இல்லை. ஜூலை 9ஆம் நாள் மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குட் புகுந்தபோது, கோட்டாபய ராஜபக்ஷவும் கொழும்புத் துறைமுகத்திலிருந்து கப்பலேறினார். சோற்றுக்குத் தட்டுப்பாடு வரும்போது ஆள்வோர்க்குக் கடற்காற்றில் ஆசை பிறப்பது இத்தீவின் தட்பவெப்பம் போலும்.

வெயில் தாழும் வரை புறக்கோட்டையிலேயே பொழுதைப் போக்கினோம். ‘பேட்டை’ என்னும் தமிழ்ச் சொல்லே ஆங்கிலத்தில் ‘பெற்றா’ ஆயிற்று. பெயரைத் தந்தது தமிழ். ஆயினும் இங்கு தமிழர் எப்போதும் நிம்மதியாய் இருந்தனர் என்று எண்ணிவிடலாகாது. 1983 ஜூலையில் இத்தெருக்களிலே தமிழர் கடைகள் எரிந்தன. 2007 ஜூன் 7ஆம் நாள் அதிகாலை, கொழும்பின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்களை எழுப்பி, ‘நீங்கள் இங்கிருக்கக் காரணமில்லை’ என்று பஸ் வண்டிகளில் ஏற்றி அனுப்பினார்கள். முந்நூற்றெழுபதுக்கும் மேற்பட்டோர். வெளிநாடு செல்லக் காத்திருந்தோர், வைத்தியத்துக்கு வந்தோர், வேலை தேடி வந்தோர் எனப் பலரும் அவர்களிடையே இருந்தனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து நிறுத்தியது. அன்றைய பிரதமர் வருத்தம் தெரிவித்தார். பலர் திரும்பி வந்தனர். ஒரு நகரத்தில் இருப்பதற்குக் காரணம் காட்டவேண்டி வந்தால் நம்முள் எத்தனை பேரால் முடியும்? நாற்பது ஆண்டு இருந்தும் நமக்குத் தெரிந்த ஒரே காரணம், இங்கேதான் நமது வீடு இருக்கின்றது என்பதே.

பார்சிக் குடும்பத்தார் தம் தந்தையின் நினைவாக 1923இல் எழுப்பிய கான் மணிக்கூட்டுக் கோபுரத்தைச் சுற்றிக் கோட்டைக்குள் நுழைந்தோம். கோட்டை உண்டு, மதில் இல்லை. ஆங்கிலேயர் காலத்திலேயே இடித்துவிட்டார்கள்.

காலிமுகத்திடலை அடைந்தபோது மாலை ஐந்தரை. கடலலை, பட்டங்கள், இறால் வடை மணம். ஆள்பதி சேர் ஹென்றி வோட் 1859இல் நடைபாதை அமைத்து, கொழும்பின் பெண்மணிகளுக்கும் குழந்தைகளுக்கும் உரியதாக இதைப் பேணுமாறு தம் பின்வருவோர்க்குக் கல்லில் எழுதி வைத்தார். பின்வந்தோர் கல்லைப் பேணினார்கள்.

திடலின் வடகோடியில் தூண்கள் நிரையாக நிற்கும் பழைய பாராளுமன்றம். 1930இல் திறக்கப்பட்ட அக்கட்டடத்திலிருந்து 1982இல் பாராளுமன்றம் கோட்டேக்குக் குடிபெயர்ந்தது. இப்போது அது ஜனாதிபதி செயலகம். 1956 ஜூன் 5ஆம் நாள் அங்கே சிங்களம் மட்டும் மசோதா வந்தபோது, தந்தை செல்வநாயகத்தின் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் இப்புல்வெளியிலேதான் அறவழியில் அமர்ந்தனர். குண்டர்கள் அவர்களை அடித்துத் துரத்தினர். 2022இல் இதே புல்வெளியிற் சிங்கள இளைஞர் கூடாரமடித்து மாதக்கணக்காய் இருந்தனர். மே 9ஆம் நாள் அவர்களையும் அடித்தார்கள். மே 18ஆம் நாள் அவ்விளைஞர் சிலர் முள்ளிவாய்க்காலில் இறந்தோர்க்காகக் கஞ்சி வார்த்து நினைவு கூர்ந்தனர். அறுபத்தாறு ஆண்டு இடைவெளியில் ஒரே புல்லில் இரு சாராரும் அடிவாங்கிய பின்னரே ஒருவர் துயரம் மற்றவர்க்குச் சிறிது விளங்கிற்று. பாடம் கற்பதற்கு அது நீண்ட காலந்தான். கற்றவரும் சிலரே. ஆயினும் கற்றனர்.

மதிலோரத்தில் அமர்ந்து கடிதத்தை மீண்டும் எடுத்தோம். பக்கத்தில் ஒரு சிங்களத் தாயும், பாடசாலைச் சீருடையிற் பட்டம் விட்டுக்கொண்டிருந்த மகளும். பன்னிரண்டு வயதிருக்கும். நாம் கடிதத்தைத் தலைகீழாய்ப் பிடித்திருந்தோமோ என்னவோ, சிறுமி நம்மைப் பார்த்துச் சிரித்தாள். விஷயத்தைச் சொன்னோம். தாயார், ‘இவள் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிக்கிறாள்’ என்றார் பெருமையுடன்.

சிறுமி பட்டநூலைத் தாயிடம் கொடுத்துவிட்டுக் கடிதத்தை வாங்கினாள். முதலிற் சிங்களத்தில் வாசித்தாள். இரண்டு சொற்களுக்குத் தாயைக் கேட்டாள். ஒன்றுக்குத் தாய்க்கும் தெரியவில்லை. பின்பு ஒவ்வொரு சொல்லாய்த் தேடியெடுத்துத் தமிழிற் சொன்னாள்.

‘சீயா, உங்கள் கடிதம் வந்தது. அது தமிழில் இருக்கிறது. அதனால் வாசிக்க முடியவில்லை. சிங்களத்தில் எழுதி அனுப்புங்கள்.’

சொல்லி முடித்துவிட்டு, தான் ஏதோ பிழை செய்தவள் போல நம் முகத்தைப் பார்த்தாள். நாம் சிரித்தோம். தாயார் சிரிக்கவில்லை. ‘சரியில்லை’ என்றார் சிங்களத்தில், மெதுவாக. அந்த ஒரு சொல் நமக்கு மொழிபெயர்ப்பின்றியே விளங்கிற்று.

சிறுமிக்கு இறால் வடை வாங்கிக் கொடுத்தோம். அவள் ‘நன்றி’ என்றாள். நாம் ‘ஸ்துதி’ என்றோம். இருவர் உச்சரிப்பும் பிழை. இருவர்க்கும் விளங்கியது.

இரவு வீடு திரும்பி மனைவியாரிடம் யாவற்றையும் கூறினோம். ‘இனி என்ன செய்யப் போகிறீர்கள்?’ என்று கேட்டார்.

‘மறுபடியும் எழுதுவோம்.’

‘சிங்களத்திலா?’

‘தமிழில்.’

மனைவியார் நமது செருப்பை எடுத்துப் பார்த்தார். குதி தேய்ந்திருந்தது. ‘அப்படியானால் முதலில் இதைத் தைப்பியுங்கோ. பதில் வரும்போது மறுபடியும் நடக்க வேண்டி வருமே’ என்றார்.

செருப்பைத் தைக்கக் கொடுத்துவிட்டோம். கடிதத்தையும் எழுதி அனுப்பிவிட்டோம்.